எம்-சாண்ட் குவியலும் காணாமல் போன 14 லோடும்

போன வாரம்தான் எங்கள் யார்டில் கிடக்கும் எம்-சாண்டின் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கணக்கு ஒருவழியாகக் கைக்கு வந்தது. முழுதாக இல்லை. 1,180 டன்னில் 19 டன் இன்னும் இடிக்கிறது. ஆனால் ஏப்ரலில் இடித்தது 240 டன். அதை வைத்து ஒரு மனுஷனைத் திருடன் என்று சொல்லும் அளவுக்குப் பேச்சு போய்விட்டது. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். யாருக்காவது இதே தலைவலி வந்தால் நான் விழுந்த குழிகளில் விழாமல் போகட்டும்.

மணலி புதுநகர் தாண்டி, டி.பி.பி. சாலையிலிருந்து (திருவொற்றியூர், பொன்னேரி, பஞ்செட்டி சாலையை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்) உள்ளே பிரியும் தடத்தில் இருக்கிறது எங்கள் சின்ன ரெடிமிக்ஸ் (கலந்து அனுப்பும் கான்கிரீட்) பிளான்ட். ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. ஒன்றரை ஏக்கர் யார்டு. எம்-சாண்ட், முக்கால் ஜல்லி, அரை ஜல்லி என்று மூன்று குவியல். உள்ளே வருவது வேபிரிட்ஜ் (வண்டியோடு எடை போடும் மேடை) சீட்டில் பதிவாகும். வெளியே போவது பேட்சிங் பிளான்ட்டின் (கான்கிரீட்டை அளந்து கலக்கும் இயந்திரம்) ரிப்போர்ட்டில் இருக்கும். இரண்டையும் கழித்தால் யார்டில் இருக்க வேண்டியது தெரியும். மாதக் கடைசியில் டேப் பிடித்துக் குவியலை அளந்து அதோடு ஒப்பிடுவேன்.

டேப் அளவு என்றால் என்ன? குவியல் ஒழுங்கான வடிவத்திலா இருக்கும்? ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் லோடர் வாரி வாரிக் குடைந்த பள்ளம், உச்சியில் கடைசியாகக் கொட்டிய நாலு லோடு நாலு கொம்பாக நிற்கும். நான் அதை ஒரு பாதிக் கூம்பு, ஒரு முக்கோணப் பட்டை என்று மனசுக்குள் வெட்டி, சவுக்குக் கம்பு நட்டு உயரம் பார்த்து, கன அடியில் போட்டு 100-ஆல் வகுப்பேன். 100 கன அடி ஒரு யூனிட், அதாவது 2.83 கனமீட்டர். யூனிட்டுக்கு நாலரை டன். ஏப்ரலில் இப்படிப் போட்டதில் 209 யூனிட், 940 டன் வந்தது. புத்தகத்தில் 1,180.

240 டன் என்றால் டாரஸ் வண்டியில் 14 லோடு. 14 லோடு கேட்டைத் தாண்டிப் போயிருந்தால் காவலாளிக்குத் தெரியாதா என்று யாரும் யோசிக்கவில்லை. ராத்திரி ஷிஃப்டில் லோடர் ஓட்டும் அண்ணன் பக்கம்தான் எல்லார் கண்ணும் போனது. அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அடியில பள்ளம் கீது சார். பக்கெட்டு எறங்குற எறக்கம் எனக்குத் தெரியாதா?" அதை யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு வரியைக் கேட்டிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

என் மச்சான் கல்யாண வீடியோ எடுப்பவன். அவனிடம் பாண்டம் 4 ப்ரோ என்ற ட்ரோன் ஒன்று இருக்கிறது. 2022 பிப்ரவரியில் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வருவதற்கு முன்பே வாங்கியது. பழசுதான், ஆனால் இந்த வேலைக்கு அது ஒரு வரம் என்று பிறகுதான் தெரிந்தது. அதில் இருப்பது ஒரு இஞ்ச் சென்சார், 20 மெகாபிக்சல், அதோடு மெக்கானிக்கல் ஷட்டர். பறந்துகொண்டே எடுத்தாலும் படம் சாயாது. எடை 1,388 கிராம், எனவே 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையுள்ள மைக்ரோ வகை. தொழிலுக்காகப் பறக்கவிட்டால் ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். அவனிடம் இருக்கிறது. ட்ரோனுக்குப் பதிவு எண்ணும் இருக்கிறது. இது இல்லாமல் நம் பக்கம் ட்ரோன் எடுக்கவே எடுக்காதீர்கள். சுற்றி அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் என்று எல்லாமே கண்ணில் எண்ணெய் விட்டுக் காவல் காக்கும் இடங்கள். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் (ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசு வரைபடம்) நம் யார்டு பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று பறக்கிற அன்றைக்குக் காலையில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். போன மாதம் பார்த்தது போதாது. பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை அனுமதி. எங்களுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை.

முதல் முயற்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு. அது படுதோல்வி. மச்சானுக்கு மாப்பிள்ளை காரைச் சுற்றி வட்டமடித்துப் பழக்கம். அதே மாதிரி 30 மீட்டர் உயரத்தில் குவியலை இரண்டு சுற்று சுற்றி 62 படம் எடுத்தான். பார்க்க அருமையாக இருந்தது. முதலாளி அதில் ஒன்றை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார்.

அந்தப் படங்களை வெப்ஓடிஎம் என்ற இலவச மென்பொருளில் போட்டேன். ஒன்றன் மேல் ஒன்று படியும் படங்களிலிருந்து பொதுப் புள்ளிகளைக் கண்டுபிடித்து முப்பரிமாணமாக ஒட்டித் தருவதுதான் அதன் வேலை. என் மடிக்கணினியில் 8 ஜிபி ராம். நாற்பது நிமிடம் ஓடி, நினைவகம் போதவில்லை என்று நின்றுவிட்டது. படங்களைப் பாதியாகச் சுருக்கிப் போட்டபோது ஓடி முடிந்தது. வந்ததைப் பார்த்தால் குவியலின் உச்சியில் பணியாரக் குழி மாதிரி ஒரு பள்ளம். ஒரு பக்கச் சரிவே இல்லை, வெறும் ஓட்டை.

காரணங்கள் பிறகு புரிந்தன. ஏழரை மணி வெயிலில் குவியலின் மேற்குப் பக்கம் முழுக்க நிழல். ஈரமான எம்-சாண்ட் ஒரே சாம்பல் நிறம், அதிலும் நிழலில் மென்பொருளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. எல்லாப் படமும் பக்கவாட்டில் எடுத்தது, நேர் கீழே பார்த்து எடுத்தது ஒன்றுகூட இல்லை. போதாக்குறைக்கு லோடரைக் குவியல் மேலேயே நிறுத்தி வைத்திருந்தோம். அதன் கூரையும் மணலோடு சேர்ந்து ஒரு மேடாகிவிட்டது.

இரண்டாவது முறை ஏப்ரல் கடைசி ஞாயிறு, பிளான்ட் ஓடாத நாள். அன்றைய கையிருப்பை உறையவைத்த மாதிரி எடுத்துக்கொண்டோம். வண்டி உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. இந்த முறை கையால் ஓட்டவில்லை. செயலியில் கட்டம் போட்டு, அது தானாகக் கோடு கோடாகப் போய் வரும்படி வைத்தோம்.

எண்களைச் சொல்கிறேன், இதே ட்ரோன் வைத்திருப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கேமராவின் சென்சார் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், லென்ஸின் குவியத் தூரமும் 8.8. அதனால் கணக்கு ரொம்பச் சுலபம்: 60 மீட்டர் உயரத்தில் ஒரு படம் தரையில் 90-க்கு 60 மீட்டரைப் பிடிக்கும். ஒரு பிக்சல் தரையில் சுமார் 1.6 சென்டிமீட்டர். போகும் திசையில் 80 சதவீதம் படிய வேண்டுமென்றால் 12 மீட்டருக்கு ஒரு படம். பக்கத்துக் கோட்டோடும் 80 சதவீதம் படிய வேண்டுமென்றால் கோடுகளுக்கு இடையே 18 மீட்டர். வேகம் நொடிக்கு 4 மீட்டர், மூன்று நொடிக்கு ஒரு படம். யார்டைத் தாண்டி எல்லாப் பக்கமும் கொஞ்சம் தாராளமாக விட்டு 8 கோடு, 104 படம். எட்டு நிமிடத்தில் முடிந்தது, பேட்டரியில் பாதி மிச்சம்.

நேரத்தைப் பத்தரைக்கு மாற்றினோம். வெயில் மேலே ஏறி நிழல் சுருங்கியிருக்கும், கடல் காற்று இன்னும் கிளம்பியிருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் கடல் காற்று கிளம்பிவிட்டால் ட்ரோன் ஒரு பக்கமாகவே சாய்ந்து பறக்கும், பேட்டரியும் தண்ணீராய்ப் போகும். இரும்புத் தகட்டின் மேல் வைத்துக் கிளப்பப் பார்த்தோம், திசைகாட்டி கோளாறு என்று கத்தியது. வேபிரிட்ஜ் பக்கத்திலும் அதே கத்தல். கடைசியில் யார்டு நடுவில் ஒரு பிளைவுட் பலகை போட்டு அதிலிருந்து கிளப்பினோம். பலகை இருந்ததால் தூசியும் மோட்டாரில் ஏறவில்லை.

இரண்டு வில்லன்கள் வந்தார்கள். ஒன்று பருந்து. மூன்றாவது கோட்டில் ஒன்று கூடவே வட்டமடித்தது, மச்சான் உயரத்தைக் கூட்டியதும் விலகிப்போனது. இன்னொன்று காற்றாடி. கோடை விடுமுறையில் வடசென்னை மொட்டை மாடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாஞ்சாவுக்குத் தடை இருந்தாலும் நூல் எந்த நூலென்று கீழேயிருந்து யாருக்குத் தெரியும்? யார்டுக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் இரண்டு பையன்கள் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போய், தம்பி பதினைந்து நிமிஷம் இறக்கி வையுங்கப்பா என்று கேட்டு, ஆளுக்கொரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன். அவர்களே வந்து ட்ரோனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செலவுக் கணக்கில் இதையும் சேர்க்கலாம்: 50 ரூபாய்.

கணினி விஷயத்தில் அக்கா பையன் உதவினான். அவனுடைய கேம் விளையாடும் கணினியில் 16 ஜிபி இருந்தது. அதுவும் நின்றுவிட்டது. இன்னொரு 16 ஜிபி ராம் 3,800 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். அவனுக்கு அதில் பரம சந்தோஷம். 104 படத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. இந்த முறை குவியல் குவியலாகவே வந்தது. சரிவில் லோடர் டயர் ஏறிய தடம்கூடத் தெரிந்தது.

வெப்ஓடிஎம்மில் குவியலைச் சுற்றி அடியோரமாகப் புள்ளி வைத்துக் கோடு போட்டால் கன அளவைச் சொல்லிவிடும். 19 புள்ளி வைத்தேன். வந்தது 498 கனமீட்டர். 176 யூனிட், 792 டன்.

டேப் அளவைவிடவும் 148 டன் குறைவு! முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். 14 லோடு போய் 22 லோடு காணோம் என்றாகிவிட்டது. ட்ரோன் எடுத்தால் உண்மை வெளியே வரும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இயந்திரம் சொன்ன எண் என்பதால் அதை எதிர்த்துப் பேசவும் யாருக்கும் வாய் வரவில்லை, அதுதான் கொடுமை. டேப் பிடித்து நான் சொன்ன எண்ணை எல்லாரும் கேலி செய்தார்கள். கணினி சொன்ன தப்பான எண்ணை அச்செடுத்துக் கோப்பில் வைத்தார்கள்.

மறுநாள் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்ததில் முதல் தப்பு கிடைத்தது. எங்கள் எம்-சாண்ட் குவியல் தெற்குப் பக்கம் ஐந்தடி உயரத் தடுப்புச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. சுற்றிப் புள்ளி வைத்தேன் அல்லவா, அதில் நாலு புள்ளி அந்தச் சுவரின் தலையில் விழுந்திருந்தது. புள்ளிகளை இணைத்துத்தான் மென்பொருள் அடித்தளத்தைக் கட்டுகிறது. மூன்று பக்கம் தரையில், ஒரு பக்கம் ஐந்தடி உயரத்தில் புள்ளி இருந்தால் அடித்தளம் சாய்ந்த பலகை மாதிரி ஆகிவிடும். அந்தப் பலகைக்குக் கீழே இருக்கும் மணல் எல்லாம் கணக்கிலேயே வராது. அடித்தளத்துக்குப் பல வகை இருக்கிறது, நான் கொடுத்திருந்தது முக்கோணங்களாக இணைக்கும் வகை. சமதரையில் தனியாக நிற்கும் குவியலுக்கு அது சரி. சுவரில் சாய்ந்த குவியலுக்குக் கூடவே கூடாது. யார்டில் காலியாக இருந்த பத்து இடங்களில் தரை மட்டத்தை எடுத்து, சராசரி போட்டு, அதையே அடி உயரமாகக் கையால் கொடுத்தேன். 498 என்றிருந்தது 642 ஆனது. ஒரே நிமிடத்தில் 144 கனமீட்டர் மணல் "திரும்பி வந்தது".

இரண்டாவது தப்பு இதைவிட நுணுக்கம். எதற்கும் இருக்கட்டும் என்று தெரிந்த நீளங்களை மென்பொருள் கட்டிய முப்பரிமாண மாடலில் அளந்து பார்த்தேன். வேபிரிட்ஜ் மேடை டேப்பில் 15.00 மீட்டர், மாடலில் 14.71. தடுப்புச் சுவர் 15.24, மாடலில் 14.95. காம்பவுண்டில் இரண்டு தூணுக்கு நடுவே 42.60, மாடலில் 41.78. மூன்றிலும் கிட்டத்தட்ட இரண்டு சதவீதம் குறைவு. ட்ரோனில் இருக்கும் சாதாரண ஜிபிஎஸ் இரண்டு மூன்று மீட்டர் அப்படி இப்படி இருக்கும். பெரிய நிலத்தில் அது தெரியாது. 130 மீட்டர் யார்டில் அதுவே மாடலை மொத்தமாகச் சுருக்கிவிடுகிறது. நீளத்தில் இரண்டு சதவீதம்தானே என்று விடக்கூடாது. கன அளவு என்பது நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி வருவது. மூன்றிலும் இரண்டு என்றால் ஆறு சதவீதம். 1.0196-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.06. 642-ஐ அதால் பெருக்க 681 கனமீட்டர்.

மூன்றாவது, யூனிட்டுக்கு நாலரை டன் என்ற வாய்ப்பாடு. எல்லா யார்டிலும் சொல்வதுதான், ஆனால் எம்-சாண்ட் ஈரத்தைப் பொறுத்து உப்பும். லேசாக ஈரமான மணல் காய்ந்த மணலைவிட அதிக இடத்தை அடைக்கும். எங்கள் மணலுக்கு எங்கள் எண் வேண்டும். மணல் மாதிரி சின்னத் துகள் என்றால் மூன்று லிட்டர் உருளையில் நிரப்பி எடை போடுவது முறையான சோதனை. லேபில் உருளை இருந்தது, ஆனால் குவியலில் எந்த மூலையிலிருந்து அள்ளினோம் என்பதைப் பொறுத்து எண் மாறிக்கொண்டே இருந்தது. அதனால் பெரிய உருளையாக டிப்பரையே எடுத்துக்கொண்டோம். உள்ளளவு 14 அடி, ஏழரை அடி, மூன்றரை அடி. லோடர் அண்ணன் நிரப்பினார். மேலே ஏறி ஒரு மரச்சட்டத்தால் மட்டமாக வழித்துவிட்டேன். 10.41 கனமீட்டர். வேபிரிட்ஜில் நிகர எடை 17,070 கிலோ. கனமீட்டருக்கு 1.64 டன், யூனிட்டுக்கு 4.64. குவியலின் உள்ளே லோடர் ஏறி மிதித்து இறுகிய மணல் இதைவிடக் கனமாக இருக்கலாம், அது எனக்குத் தெரிந்தேதான் விட்டேன்.

681-ஐ 1.64-ஆல் பெருக்க 1,117 டன். புத்தகத்தோடு வித்தியாசம் 63 டன். 240 டன் திருட்டு 63 டன்னாகக் குறைந்தது. முதலாளி கொஞ்சம் தணிந்தார். "அப்போ நாலு லோடுதான் போயிருக்கு" என்றார். திருட்டு என்பதை மட்டும் விடவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு அண்ணனின் பள்ளம் ஞாபகம் வந்தது. குவியலின் மேல்பரப்பை ட்ரோன் பார்க்கிறது, சரி. அடியில் இருக்கும் தரையை யார் பார்த்தார்கள்? மற்ற இடத்துத் தரையை வைத்து அங்கேயும் அதே மட்டம்தான் என்று நானாக முடிவு செய்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது யார்டில் முழங்கால் தண்ணீர் மூன்று நாள் நின்றது. கொசஸ்தலையாற்றங்கரைப் பக்கம் அன்றைக்கு இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தண்ணீர் வடிந்ததும் சேறாகக் கிடந்த தரையை முழுசாகக் காயவிடாமல் அதன் மேலேயே மணலைக் கொட்டினோம். வேலை நிற்கக்கூடாதே. அதற்குப் பிறகு அந்த இடம் காலியாகவே இல்லை.

காலியானால்தான் தெரியும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை குவியலை முழுக்க ஓட்டித் தீர்த்துவிட்டுப் புது லோடு எடுக்கலாம் என்று முதலாளியிடம் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன். ஜூன் மூன்றாவது வாரத்தில் தரை தெரிந்தது. பார்த்த உடனேயே கண்ணுக்குத் தெரியவில்லை, மட்டமாகத்தான் இருந்தது. ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினோம். நேராகச் சுவர் பக்கம் ஓடி நடுவில் குளமாக நின்றது.

மூன்றாவது பறத்தலுக்கு இந்த முறை ஒழுங்காகத் தயார் செய்தேன். இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் ஐந்து, கறுப்பு வெள்ளைக் கட்டமாகப் பெயின்ட் அடித்தது, பெயின்ட்டோடு சேர்த்து 1,150 ரூபாய். யார்டின் நாலு மூலையிலும் நடுவிலும் வைத்தோம். டிஜிபிஎஸ் (சாதாரண ஜிபிஎஸ்ஸைவிடத் துல்லியமாக இடம் காட்டும் கருவி) வைத்திருக்கும் சர்வேயர் ஒருவரை அரை நாளைக்கு 6,000 ரூபாய்க்கு அழைத்து ஐந்து பலகைகளையும் அளந்துகொண்டோம். கூடவே அசையாத இடங்கள் ஆறு: வேபிரிட்ஜின் இரண்டு மூலை, தடுப்புச் சுவரின் இரண்டு மூலை, சிமென்ட் சைலோவின் அடித்தளம், ஜெனரேட்டர் அறைப் படிக்கட்டு. இந்த ஆறையும் அளக்கச் சொன்னதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். ஏனென்றால் இவை ஏப்ரல் படங்களிலும் இருக்கின்றன. பழைய 104 படங்களை இந்த ஆறு புள்ளிகளில் ஐந்தை, அளந்த இடத்திலேயே மாடலைப் பிடித்துவைக்கும் கட்டுப்பாடாக வைத்து மறுபடி ஓட்ட முடிந்தது. ஆறாவதைச் சோதனைக்கு ஒதுக்கினேன். கிடைமட்டத்தில் 3 சென்டிமீட்டர், உயரத்தில் 4 சென்டிமீட்டர் தவறு. உயரத்தில் 4 சென்டிமீட்டர் என்றால் 320 சதுரமீட்டர் குவியலுக்கு 13 கனமீட்டர், இரண்டு சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. இந்தச் செலவுக்கு இதைவிட நுட்பமாக எதிர்பார்ப்பது பேராசை.

மறுபடி ஓட்டியதில் ஏப்ரல் குவியல், தட்டையான தரை வைத்து, 679 கனமீட்டர். டேப்பால் திருத்தி நான் போட்ட 681-ஓடு கிட்டத்தட்ட ஒட்டியது. சர்வேயர் இல்லாமலேயே மூன்று நீளத்தை டேப்பில் அளந்து திருத்துவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது போதும். அந்த நாளில் எனக்கு இது தெரிந்திருந்தால் 6,000 ரூபாயைப் பற்றி இரண்டு முறை யோசித்திருப்பேன். ஆனால் காலித் தரையை ஏப்ரல் குவியலோடு ஒரே இடத்தில் பொருத்த அந்த அளவுதான் உதவியது, எனவே வீண் இல்லை.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இரண்டு உயர வரைபடத்தையும் போட்டு, ஏப்ரல் மேல்பரப்பிலிருந்து ஜூன் காலித் தரையைக் கட்டம் கட்டமாகக் கழித்தேன். தரை நான் நினைத்ததைவிடச் சராசரியாக 9 சென்டிமீட்டர் தாழ்வு. சுவர் பக்கம், லோடர் மூக்கை நுழைத்து வாரும் இடத்தில், 28 சென்டிமீட்டர். 9 சென்டிமீட்டர் என்பது கணுக்காலுக்குக்கூட வராத ஆழம். 320 சதுரமீட்டருக்கு அது 29 கனமீட்டர் மணல். மொத்தம் 708 கனமீட்டர், 1,161 டன்.

வித்தியாசம் 19 டன். மணல் வரும்போது ஈரத்தோடு எடை போட்டுப் பணம் கொடுக்கிறோம். யார்டில் வடிந்து காய்கிறது. இரண்டு சதவீத ஈரம் குறைந்தாலே 19 டன்னுக்கு மேல் போய்விடும். இதை முதலாளியிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்போ தண்ணிக்குக் காசு கொடுத்துக்கிட்டு இருக்கோமா?" என்றார். அவருடைய கோபம் இப்போது சப்ளையர் பக்கம் திரும்பியிருக்கிறது. அது வேறு கதை.

லோடர் அண்ணனிடம் வரைபடத்தைக் காட்டினேன். பள்ளம் இருக்கும் இடம் நீலமாக இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தார். "இதத்தான நானும் சொன்னேன்" என்றார். பிறகு நீலம் இன்னும் கொஞ்சம் கிழக்கே வர வேண்டும் என்றார். சோதித்தேன், நான் படத்தைத் திருப்பிப் பிடித்திருந்தேன்.

மொத்தச் செலவு: சர்வேயர் 6,000, பலகை 1,150, ராம் 3,800, மச்சானுக்கு மூன்று நாளைக்கு 2,500 வீதம் 7,500. 18,450, ரோஸ்மில்க் தனி. வெளியே ஒரு நிறுவனத்தில் விசாரித்தபோது ஒருமுறை வந்து அளக்கவே 22,000 கேட்டார்கள். இனி மாதாமாதம் எங்களுக்கு ஆவது மச்சானின் 2,500 மட்டும்தான். பெரிய சுரங்கங்களுக்கு இது இப்போது விருப்பம்கூட இல்லை: 50 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள குத்தகையோ, ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னோ அதற்கு மேலோ தோண்டும் திட்டமோ இருந்தால் வருடாவருடம் ட்ரோன் சர்வே கொடுத்தாக வேண்டும் என்று 2021-இல் விதி மாறியது. ஒன்றரை ஏக்கர்காரனை யாரும் கேட்பதில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில மனதில் இருக்கின்றன. நேர் கீழே பார்த்த படங்களோடு, கேமராவைச் சாய்த்து ஒரு சுற்று, இருபது முப்பது படம் கூடுதலாக எடுக்க வேண்டும். செங்குத்தாக வெட்டி நிற்கும் முகப்பு மேலிருந்து சரியாக விழுவதில்லை, லோடர் குடைந்த பக்கம் மாடலில் மொழுமொழுவென்று உருண்டுவிடுகிறது. எடைக்கான டிப்பர் சோதனையை ஈரம் மாறும்போதெல்லாம், குறைந்தது மழைக்கு முன்னும் பின்னும், செய்ய வேண்டும். ஜல்லிக் குவியல்களுக்கு இந்த அலைச்சல் தேவைப்படவில்லை. கல்லுக்குக் கல் நிறமும் நிழலும் வேறு என்பதால் மென்பொருள் முதல் தடவையிலேயே கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது, புத்தகத்தோடும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போனது. எம்-சாண்ட் மட்டும்தான் பிள்ளைப்பூச்சி மாதிரி குடைந்தது.

பள்ளத்தை நிரப்பிக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்றேன். ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் கான்கிரீட்டுக்கா பஞ்சம்? ஆனால் முதலாளி புது லோடை இறக்கச் சொல்லிவிட்டார், எல்லாம் பள்ளத்தின் மேலேயே. பரவாயில்லை, இப்போது அதன் வரைபடம் என்னிடம் இருக்கிறது. பலகைகளில் மூன்றாம் எண்ணை நேற்று டாரஸ் ஏறி உடைத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் புதிதாக ஒன்று பெயின்ட் அடிக்க வேண்டும். இந்த முறை பிளைவுட் வேண்டாம், தரையிலேயே அடித்துவிடலாம் என்கிறார் லோடர் அண்ணன். இடத்தை அவரே காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.